பதினேழாம் மேசைக் குழந்தை

அத்தியாயம் ஆறு

நாற்பத்து மூன்று குடில்கள். நாற்பத்து மூன்று தாய்மார்கள். ஒரு குழந்தைகூட இல்லை.

நான் மண்டபத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். "அத்தை, ஒண்ணு காணோம்னுதானே போன்ல சொன்னாங்க? இங்க மொத்தமும் காணோமே."

"வாயை மூடிட்டு உள்ள வா" என்றாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. இருபத்தெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்தவள். எரிந்த கிடங்கு, நனைந்த சரக்கு, காணாமல்போன நகை என்று எங்கே எது நடந்தாலும் போய்ப் பார்த்து, இது நிஜமான நஷ்டமா, நடிப்பா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். சந்தேகம் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. நான் அவளுக்கு டிரைவர், எடுபிடி, திட்டு வாங்கும் ஆள். எனக்கு முப்பத்தாறு வயது, பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். இருந்தும் குடும்பத்தில் எனக்கு ஒரே பெயர்தான். வாலு.

பாதிரியார் எங்களை எதிர்கொண்டு வந்தார். முன்பு ஒருமுறை இந்த மண்டபத்தின் கூரை இடிந்தபோது நஷ்டத்தை அளக்க வந்தவள் அத்தை. அந்தப் பழக்கத்தில்தான் இன்று காலை கூப்பிட்டிருந்தார்.

"ஒவ்வொரு டிசம்பரும் குடும்பங்கள் அவங்கவங்க வீட்டுக் குடிலைக் கொண்டுவந்து இங்க கண்காட்சிக்கு வைப்பாங்க மேடம். மாதா, சூசையப்பர், இடையர், ராஜாக்கள், மாடு, கழுதை எல்லாம் முதல் தேதியே வந்துடும். குழந்தை இயேசுவை, அதான் பாலனை, மட்டும் வைக்க மாட்டோம். இருபத்து நாலாம் தேதி சாயங்காலப் பூசையிலதான் வைப்போம்."

"அதுவரைக்கும் பாலன் எங்க இருக்கும்?"

"ஒவ்வொண்ணையும் ஒரு கவர்ல போட்டு, மேசை நம்பர் எழுதி, பீடத்துக்குப் பின்னாடி இருக்கிற அறையில இழுப்பறையில பூட்டி வைப்போம். ஒரே சாவி. அது கோயில்பிள்ளைகிட்ட இருக்கும்."

கோயில்பிள்ளை என்றால் கோயிலைத் திறந்து மூடி, மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். இங்கே இருபத்திரண்டு வருடமாக ஒருவரே இருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, அவரும் மனைவியும்.

"இன்னிக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் கவரை எல்லாம் அவங்கவங்ககிட்ட குடுத்தோம். பிரிச்சுப் பார்த்துச் சரியா இருக்குன்னு சொல்லணும். நாப்பத்திரண்டு பேர் சரின்னுட்டாங்க. பதினேழாம் மேசைக்காரர், பல் டாக்டர், அவர் மட்டும் பிரிச்சுப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார். உள்ள வெறும் பஞ்சுதான் இருந்துச்சு."

"பிரிச்சது யாரு?"

"அவரேதான்."

"அப்ப சுத்தி எத்தனை பேர் இருந்தாங்க?"

"எல்லாரும்தான். நாப்பது பேருக்கு மேல."

"அவங்க கவரைப் பார்த்தாங்களா, அவர் முகத்தைப் பார்த்தாங்களா?"

பாதிரியார் யோசித்தார். "முகத்தைத்தான் பார்த்தோம். அவர் முகம் அப்படிப் போச்சு."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கஷ்டகாலம் என்று அர்த்தம்.

"கோயில் கமிட்டிக்காரங்க அங்கேயே கூடிட்டாங்க" என்று பாதிரியார் தொடர்ந்தார். அவர் குரல் இறங்கியது. "சாவி வெச்சிருந்தவர்தானே பதில் சொல்லணும்னாங்க. அத்தனை பேர் முன்னாடியும் நானே கையை நீட்டிச் சாவியை வாங்கினேன். சாயங்காலம் அஞ்சு மணிப் பூசையில அவரை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு அறிவிக்கணுமாம். வீட்டையும் காலி பண்ணணும். எனக்கு மனசு கேட்கலை. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"டாக்டர்தான் வேண்டாம்னுட்டார். பெரிய மனசு அவருக்கு."

"பொருளைத் தொலைச்சவரே போலீஸ் வேண்டாம்னு சொன்னா, நான் பொருளைத் தேட மாட்டேன் ஃபாதர்."

"பின்ன?"

"தொலைச்சவரைத் தேடுவேன்."

பதினேழாம் மேசைக்குப் போனோம். மண்டபத்திலேயே அழகான குடில் அதுதான். மரத்தில் செதுக்கி, கையால் வர்ணம் பூசியது. மாட்டின் கண்ணில்கூட ஒரு கவலை தெரிந்தது. எல்லோரும் காலித் தொட்டிலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மூன்று ராஜாக்கள் மேல்தான் முதல் சந்தேகம். கையில் பெட்டி வைத்திருந்தார்கள்.

முன்னால் ஓர் அட்டை இருந்தது. 'எங்கள் தாயாரின் குடில். ஆண்டுதோறும் எங்கள் இல்லத்தில் என் கைகளால் அமைக்கப்படுவது.'

"இந்த வருஷம்தான் முதல் தடவையா இங்க வந்த குடில் இது. இன்னிக்கோட அவர் அக்கா வீட்டுக்குப் போகுது" என்றார் பாதிரியார். "பத்து வருஷம் தம்பி வெச்சுக்கட்டும், அடுத்த பத்து வருஷம் அக்கா வெச்சுக்கட்டும்னு அவங்க அம்மா சாகும்போது சொன்னாங்களாம். அக்கா நாலு மணிக்கு வர்றாங்க. அவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் டாக்டர் உடைஞ்சு போயிருக்கார்."

மேசைக்கு அடியில் பொம்மைகள் வந்த மரப்பெட்டி இருந்தது. உள்ளே அவற்றைச் சுற்றி வைத்த பழைய செய்தித்தாள்கள். அத்தை ஒரு தாளை எடுத்து விரலால் மடக்கினாள். படபடவென்று சத்தம் வந்தது.

"வாலு, உன் பெண்டாட்டி வளையல் பெட்டியில தாள் போட்டு வெச்சிருப்பாளே, அது எப்படி இருக்கும்?"

"எடுத்து எடுத்து வெச்சு, துணி மாதிரி தொவண்டு போயிருக்கும்."

"இது?"

"மொடமொடன்னு இருக்கு."

அத்தை அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள்.

* * *

கோயில்பிள்ளை பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சாவி இல்லாத கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், சட்டையில் மெழுகுத் துளிகள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது. வேலையும் வீடும் போகப்போகிற மனிதர் இவ்வளவு அமைதியாக இருக்கலாமா? நானாக இருந்தால் கூரை மேல் ஏறி நின்று கத்தியிருப்பேன்.

"நீங்க எடுக்கலைன்னு அவங்ககிட்ட சொல்லலையா?" என்று அத்தை கேட்டாள்.

"ஒரு தடவை சொன்னேன்மா. இருபத்திரண்டு வருஷம் திறந்து மூடினவன் ரெண்டாவது தடவை எதுக்குச் சொல்லணும்?"

அத்தை அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அத்தை யார் பக்கத்திலும் அவ்வளவு சுலபமாக உட்கார மாட்டாள்.

"கவர் எல்லாம் எப்படி வாங்கினீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு வீட்டுப் பாலன் மாறிப்போச்சும்மா. ஓரகத்திங்க அவங்க. இன்னி வரைக்கும் முகம் குடுத்துப் பேசுறதில்லை. அதிலேர்ந்து நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். பாலனைக் கவர் மேல படுக்க வெச்சு, பென்சிலால சுத்தி வரைஞ்சுடுவேன். அப்புறம் உள்ள போட்டு ஒட்டி, படத்துக்குக் கீழ அவங்க கையெழுத்து வாங்கிடுவேன். எது யாரோடதுன்னு சண்டை வராது."

"பதினேழாம் நம்பரையும் அப்படித்தான் வரைஞ்சீங்களா?"

"அது மட்டும் வேற மாதிரி. டாக்டர் வீட்டிலேயே ஒட்டிக் கொண்டுவந்துட்டார். பழைய வர்ணம், கை பட்டா உதிரும், பிரிக்காதீங்கன்னார். பெரியவங்க சொல்லும்போது எப்படிப் பிரிக்கிறது? ஆனா படம் இல்லாம வாங்கவும் மனசு வரலை. கவரைத் தட்டையா வெச்சு, உள்ள இருக்கிறதை விரலால தடவித் தடவி, அதைச் சுத்தி மேலேயே வரைஞ்சேன். கீழ கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போட்டார்."

"ஏதோ கெட்டியா உள்ள இருந்துச்சு, இல்லையா?"

"இருந்துச்சும்மா. நல்ல கெட்டி. அதைத்தான் சொன்னேன். யாரும் காதுல வாங்கலை."

"அந்தக் கவர் இப்ப எங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த பழுப்புக் கவர் ஒன்றை எடுத்தார். "காலையில பிரிச்சுட்டுக் குப்பைக்கூடையில போட்டுட்டார். நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். என் கணக்குல இருக்கிற கவராச்சே."

அத்தை அதைத் தொடையில் வைத்து நீவினாள். பதினேழு என்ற எண், பென்சில் படம், கீழே நீலமையில் அலட்சியமான ஒரு கையெழுத்து. படம் ஒரு விரல் நீளம். மேலே அகலமான தலை. கொஞ்சம் குறுகிய இடுப்பு. கீழே அகட்டி வைத்த இரண்டு கால்கள்.

"இந்தக் குழந்தைக்குக் கை எங்க?" என்றேன்.

"நானும் பார்த்தேன் தம்பி. துணி சுத்தின பாலன் போலிருக்கு, கை உள்ள இருக்கும்னு நினைச்சேன்."

"துணி சுத்தியிருந்தா கால் ரெண்டா பிரிஞ்சு தெரியாது" என்றாள் அத்தை. "துணி சுத்தலைன்னா கை தெரியணும். எப்படிப் பார்த்தாலும் இது குழந்தை இல்லை."

கோயில்பிள்ளை கவரை எட்டிப் பார்த்தார். மூன்று வாரம் அது அவர் இழுப்பறையில் இருந்திருக்கிறது. அவர் முகத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது. மெல்லத்தான் வந்தது, ஆனால் போகவில்லை.

"தலை ஒண்ணு, கால் ரெண்டு, கை கிடையாது. என்னடா அது?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

"பேன்ட்."

"பேன்ட்டுக்குத் தலை எதுக்கு?"

"என் பழைய ஆபீஸ் மேனேஜர். பெரிய தலை, எதுக்கும் கையெழுத்துப் போடக் கை வராது."

அத்தை சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால்.

"வாலு, உனக்குப் பல் வலிக்குது."

"இல்லையே அத்தை."

"வலிக்கும். கிளம்பு."

* * *

பல் டாக்டரின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருந்தது. பண்டிகைக்கு முந்தைய நாள் என்பதால் கூட்டமில்லை. நேராக உள்ளே கூப்பிட்டுவிட்டார். உயரமான, தலை நரைத்த மனிதர். மென்மையான குரல். இப்படிப்பட்டவர் பொய் சொல்வார் என்று என் மாமியார்கூட நம்ப மாட்டாள், அவள் என்னையே நம்பாதவள்.

"ஃபாதர் அனுப்பினாரா?" என்றார் அத்தையைப் பார்த்து. "பாவம், எதுக்கு இவ்வளவு சிரமம். போனது போகட்டும்னு சொல்லிட்டேனே."

"அதைப் பத்திச் சும்மா ரெண்டு வார்த்தை கேட்கலாம்னு வந்தேன். அப்படியே இவனுக்குக் கீழ்ப் பல்லு வலியாம்."

என்னை நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேராக விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொன்னார். அதற்குமேல் இந்த அத்தியாயத்தில் என் பங்கு வெறும் 'ஆ'தான்.

அத்தை டாக்டரின் மேசைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாலன் எப்படி இருக்கும் டாக்டர்? கொஞ்சம் அடையாளம் சொல்லுங்க."

"கண்ணை மூடினா கண்ணுக்குள்ளயே நிக்குது மேடம்." டாக்டர் ஒரு சிறிய கண்ணாடியை என் கன்னத்துக்குள் நுழைத்தார். "விரல் நீளம். தங்க நிறத்துல சுருட்டை முடி. நீலக் கண்ணு. வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்கும்."

"கையைத் தூக்கியா?"

"ஆமா. அந்தக் கைதான் அழகே. தம்பி, உங்க கீழ்க் கடைவாய்ப் பல்லு நிஜமாவே போயிடுச்சு. எடுத்துடலாம்."

நான் தலையை ஆட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். என் கண்ணைப் பார்த்து, மகள் என்ன படிக்கிறாள், லீவுக்கு எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்ல முடியாமல் விழித்துக்கொண்டிருக்கும்போதே ஈறில் சுருக்கென்றது. ஊசி போட்டு முடித்துவிட்டார். ஊசியை நான் பார்க்கவே இல்லை.

"அட, ஊசியை எப்ப எடுத்தீங்க?" என்றாள் அத்தை. "நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்."

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "அதான் மேடம் தொழில். ஊசியைப் பார்த்தா பேஷன்ட் மிரண்டுடுவாங்க. முகத்தைப் பார்க்க வெச்சுக்கிட்டே இருப்பேன். கை அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்."

"காலையிலயும் நாப்பது பேர் உங்க முகத்தைத்தான் பார்த்தாங்களாம்" என்றாள் அத்தை.

டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தார்.

டாக்டரின் மேசைமேல் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல ஒரு பிளாஸ்டிக் கடைவாய்ப் பல் இருந்தது. ஒரு விரல் நீளம். மேலே அகலமான தலை, கீழே இரண்டு வேர். அத்தை பழுப்புக் கவரை விரித்து, அந்தப் பல்லை எடுத்துப் படத்தின்மேல் படுக்க வைத்தாள். சுற்றிலும் ஒரு பென்சில் கோட்டின் கனம் மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குக் கீழேதான் டாக்டரின் கையெழுத்து.

"வெறும் பஞ்சு வெச்சா கோயில்பிள்ளை தடவிப் பார்த்துக் கண்டுபிடிச்சுடுவார்னு இதை உள்ள வெச்சீங்க. காலையில பிரிக்கும்போது கையில மறைச்சு, கோட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டீங்க. கையைத் தூக்கின பாலன்னு இப்ப சொல்றீங்க. கையே இல்லாத படத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

டாக்டர் தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறைகளை மெதுவாகக் கழற்றினார்.

"நான் எதையும் திருடலை மேடம்."

"தெரியும். உங்ககிட்ட பாலன் இல்லவே இல்லை." அத்தை கைப்பையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்தாள். "பொம்மை சுத்தியிருந்த தாள் பூரா ஒரே தேதி. பத்து வருஷத்துக்கு முந்தினது. வருஷா வருஷம் பிரிச்சு மடிச்ச தாள் தொவண்டு போயிருக்கும். இது ஒரு தடவை மடிச்சு, ஒரு தடவைதான் பிரிச்சிருக்கு. ஆண்டுதோறும் என் கைகளால்னு அட்டையில எழுதியிருக்கீங்களே டாக்டர், எந்த ஆண்டு?"

டாக்டர் கையுறைகளைக் குப்பைக்கூடையில் போட்டார். "ஒரு வருஷம்கூடத் திறக்கலை" என்றார். "கிளினிக், வீடு, பசங்கன்னு ஓடிப்போச்சு. குடில் வெச்சாச்சுன்னு அக்காகிட்ட போன்ல சொல்லிடுவேன். இந்த வருஷம் திருப்பிக் குடுக்கணுமேன்னு போன மாசம் திறந்தேன். பாலனைக் காணோம். எப்பப் போச்சு, எப்படிப் போச்சுன்னு எனக்கே தெரியாது. அக்கா என்னை வளர்த்தவ மேடம். அவகிட்ட எப்படிச் சொல்றது? கோயில்ல தவறிப்போச்சுன்னா யாரையும் யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"அவர்கிட்டேர்ந்து சாவியை வாங்கினாங்களே. அப்பவும் நீங்க அங்கதானே நின்னீங்க."

"பேச நாக்கு வரலை."

"எநக்கும்தா வரளே" என்றேன் நான். பாதி முகம் மரத்துப் போயிருந்தது. அத்தைக்கு அன்று மாலைவரை என்னால் எந்தத் தொந்தரவும் இல்லை.

"நாலு மணிக்கு உங்க அக்கா வரும்போது நீங்களும் அங்க இருக்கணும். நீங்களாச் சொன்னா நல்லது" என்றபடி அத்தை எழுந்தாள். "நான் சொன்னா நீட்டிச் சொல்லுவேன்."

* * *

நான்கு மணிக்கு மண்டபத்தில் ஆறு பேர் இருந்தோம். அத்தை, நான், பாதிரியார், கதவோரம் கோயில்பிள்ளை, பதினேழாம் மேசையருகே டாக்டர், அவர் முன்னால் அவருடைய அக்கா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்தவராம். பார்த்தாலே தெரிந்தது. நானே என் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டேன்.

"அக்கா, பாலனை நான் தொலைச்சுட்டேன்" என்றார் டாக்டர். நரைத்த தலை குனிந்திருந்தது. "இங்க யாரும் எடுக்கலை. பெட்டியிலேயே இல்லை. நான் ஒரு வருஷம்கூட அதைத் திறக்கலை. உன்கிட்ட வெச்சாச்சு வெச்சாச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்."

அக்கா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "காணோம்னு உனக்கு எப்ப தெரியும்?"

"போன மாசம்."

"எனக்குப் பத்து வருஷமாத் தெரியும்" என்றார் அக்கா.

கைப்பையைத் திறந்து, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மரக் குழந்தை. தங்க முடி இல்லை. நீலக் கண் இல்லை. கழுத்துவரை துணி சுற்றி, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கிய கை எதுவும் இல்லை. தன் அம்மாவின் குடிலில் குழந்தை எப்படி இருக்கும் என்பதே தம்பிக்கு மறந்துபோயிருந்தது.

அத்தையின் புருவம் மேலே போனதை நான் பார்த்தேன். இருபத்தெட்டு வருட சர்வேயர் இதை எதிர்பார்க்கவில்லை. தொலைத்தவரைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்தோம். தொலையவே இல்லை.

"அம்மா இறந்த வாரமே பெட்டியைக் கட்டினது நான்தான்" என்றார் அக்கா. "இவன் மேல எனக்கு அப்பவே சந்தேகம். கொண்டுபோய்ப் பரண் மேல போட்டுடுவான்னு தோணிச்சு. பாலனை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டேன். முதல் கிறிஸ்துமஸுக்குப் பெட்டியைத் திறந்தா, அக்கா பாலன் எங்கன்னு பதறிக்கிட்டு போன் பண்ணுவான், அப்ப ஓடிப்போய்க் குடுத்துட்டு வரலாம்னு இருந்தேன்."

அவர் கைக்குட்டையின் ஓரத்தை மடித்துப் பாலனைப் போர்த்தினார்.

"போன் வரும். குடில் வெச்சாச்சுக்கா, ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லுவான். அவன் சொல்லிக்கிட்டே இருப்பான், பாலன் என் மடியில கிடக்கும். பத்து தடவை."

டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

அத்தைக்கு அந்த இரண்டாவது எண்ணம் மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது. "அம்மா, நீங்க தம்பியைச் சோதிச்சீங்க. தம்பி உங்களை ஏமாத்தினார். அது உங்க வீட்டு விஷயம். ஆனா நடுவுல நின்ன இவருக்கு வேலை போச்சு, வீடு போச்சு, திருடன்னு பேரும் வந்துச்சு. இவருக்கு உங்க வீட்டுல என்ன பங்கு?"

அக்கா திரும்பிக் கோயில்பிள்ளையைப் பார்த்தார். நடந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு டாக்டர் இரண்டு அடி பின்னால் போனார். "எங்களை மன்னிச்சுடுங்க" என்று அக்கா கோயில்பிள்ளையிடம் கைகூப்பினார்.

கோயில்பிள்ளையும் பதிலுக்குக் கைகூப்பினார்.

பாதிரியாருக்கு முகமெல்லாம் நிம்மதி. அங்கியின் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க. எல்லாம் சரியாப் போச்சு. போய் விளக்கைப் போடுங்க, பூசைக்கு நேரமாச்சு."

கோயில்பிள்ளை கையை நீட்டவில்லை.

"காலையில நாப்பது பேர் பார்க்க வாங்கினீங்க ஃபாதர்" என்றார். "இங்க ஆறு பேர்தான் இருக்கோம்."

பாதிரியாரின் கை அப்படியே நின்றது. சாவியைத் திரும்பவும் பைக்குள் போட்டுக்கொண்டார். டாக்டரின் பக்கம் திரும்பினார். "அஞ்சு மணிக்கு மைக் முன்னாடி முதல்ல நீங்க பேசுறீங்க. இப்ப அக்காகிட்ட சொன்னதை அப்படியே சொல்லணும். அடுத்து நான் பேசுறேன். மன்னிப்பு நானும் கேட்க வேண்டியிருக்கு."

டாக்டர் தலையாட்டினார்.

கோயில்பிள்ளை வெளியே நடந்தார். நானும் கூடவே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, அவரைத் தனியே விட மனமில்லை. கோயிலுக்குப் பின்னால் அவர் வீட்டு வாசலில் மூன்று மூட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நான்காவதை அவர் மனைவி முழங்காலால் அழுத்தி, கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இருந்தாலும் இந்த நல்ல செய்தியை நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆசை. "எல்லாம் தெரிஞ்சுபோச்சும்மா. உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்லை. மூட்டையை அவிழ்த்துடுங்க" என்றேன்.

அந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டுக் கணவரை ஏறிட்டுப் பார்த்தார்.

கோயில்பிள்ளை குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். "நீ கட்டு" என்றார் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார். "அஞ்சு மணிக்கு என்ன பேசுறாங்கன்னு கேட்டுட்டு அவிழ்த்துக்கிறோம் தம்பி."